திண்டுக்கல் மலைக்கோட்டையின் நிழலில்

திண்டுக்கல்லுக்கு ஒருமுறையேனும் செல்லாதவர்களும் அந்த ஊரை ஏதேனும் ஒரு வகையில் அறிந்தே இருப்பீர்கள். உங்கள் வீட்டு வாசலில் தொங்கும் பூட்டு அங்கே செய்யப்பட்டதாக இருக்கலாம். திருமண விருந்தின் சீரகச் சம்பா பிரியாணியை அந்த ஊர்ப் பெயரைச் சொல்லியே புகழ்ந்திருப்பீர்கள். தோல் வணிகம் செய்யும் உறவினர் உங்களுக்கு இருந்தால் அவர் வாயிலிருந்து திண்டுக்கல் என்ற சொல் நாளுக்குப் பத்துமுறை வந்திருக்கும். 1985 செப்டம்பர் 15 அன்று மதுரையிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பின்பு, காயிதே மில்லத்தின் திருப்பெயரையும் சில காலம் தாங்கி நின்ற மாவட்டம் அது என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

திண்டு போன்ற கல் இருப்பதால் திண்டுக்கல் என்பர். பேருந்தில் எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதலில் கண்ணில் படுவது அந்தக் கல்தான். ஏறத்தாழ 900 அடி உயரம். சுற்றிவர இரண்டே முக்கால் கிலோமீட்டர். மதுரை நாயக்கர் முத்துகிருஷ்ணப்பர் 1605-இல் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். 1755-இல் மைசூர் அரசின் சார்பில் ஹைதர் அலி இங்கே பௌஜ்தாராக வந்தார். பிறகு திப்பு, பிறகு கும்பினிப் படை. 1792-இல் ஊர் முற்றிலுமாக ஆங்கிலேயர் வசமாயிற்று. இப்போது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஏறுவதற்குக் காலை நேரமே நல்லது. பத்து மணிக்கு மேல் பாறை கொதிக்கத் தொடங்கிவிடும். குடிநீரை உடன் எடுத்துச் செல்லுங்கள்.

உச்சியில் நின்றால் தென்கிழக்கே சிறுமலை, மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர். வடக்கே வேடசந்தூர் வரையில் வெறும் சமவெளி. அந்தச் சமவெளியில் ஆங்காங்கே நீண்ட வெண்ணிறக் கூரைகள் தெரியும். அவை நூற்பாலைகளும் ஆடைத் தொழிற்சாலைகளும். கோட்டையைப் பற்றி எழுதுபவர்கள் பீரங்கி மேட்டையும் கிடங்குகளையும் எழுதி முடித்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை அந்த வெண்கூரைகளின் பக்கமும் பழனிச் சாலையின் பக்கமும் உங்களை அழைத்துச் செல்ல விரும்புகிறது. கொடுமை நிகழ்ந்த பின்பு, அதில் உயிர் தப்பியவர்களும் உயிரைப் பறிகொடுத்தவர்களின் உறவினரும் மறுநாள் காலையில் எழுந்து என்ன செய்தார்கள் என்று கேட்பதற்காகவே இந்தப் பயணம்.

மலையிலிருந்து இறங்கி பேகம்பூருக்கு வாருங்கள். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஸா பேகம் இங்கே அடக்கமாகியிருக்கிறார். அவர் பெயராலேயே இந்தப் பகுதி வழங்குகிறது. பெரிய பள்ளிவாசலின் முற்றத்தில் லுஹருக்குப் பின் நிலவும் அமைதி, பயணக் களைப்பில் வந்தவரைச் சற்றே உட்கார வைக்கும். போரும் முற்றுகையுமாகக் கழிந்த ஒரு நூற்றாண்டில், இந்தப் பாறையடியில் ஒரு பெண்ணின் பெயர் மட்டும் தெருப்பெயராகி, ஊர்ப்பெயராகி, பேருந்து நடத்துநரின் குரலில் இன்றும் ஒலிக்கிறது. கோட்டைத் தளபதிகளின் பெயரைக் கேட்டால் அந்த நடத்துநருக்குத் தெரியாது.

பள்ளிவாசலிலிருந்து கடைவீதிப் பக்கம் நடந்தால் பூட்டுக் கடைகளுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் இடையே முடிதிருத்தும் கடைகள் பல உண்டு. 2020 அக்டோபர் 9 அன்று இந்தக் கடைகள் மூடிக் கிடந்தன. இங்கு மட்டுமல்ல, தமிழகமெங்கும் மூடப்பட்டன. காரணம், வடமதுரை அருகே குரும்பபட்டியில் 2019-ஆம் ஆண்டு நிகழ்ந்த கொடுமை. முடிதிருத்தும் தொழிலாளி ஒருவரின் 12 வயது மகள் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டு, மின்சாரம் பாய்ச்சிக் கொல்லப்பட்டாள். குற்றம் சாட்டப்பட்ட இளைஞர், சாட்சியங்கள் போதவில்லை என்று 2020 செப்டம்பர் இறுதியில் திண்டுக்கல் மகளிர் நீதிமன்றத்தால் விடுதலை செய்யப்பட்டார். அரசு மேல்முறையீடு செய்தது.

குற்றம் சாட்டப்பட்டவரெல்லாம் குற்றவாளி ஆகிவிடமாட்டார் என்பது நீதியின் அடிப்படை. ஐயத்தின் பயனை அவருக்கு அளிப்பதும் முறைதான். ஆனால் 'யாருமே தண்டிக்கப்படவில்லை' என்ற சொல்லைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பும் பெற்றோருக்கு அந்த இரவு எப்படிக் கழியும்? அவர்களுக்காக அந்தச் சமூகத்தார் செய்ததைக் கவனியுங்கள். கல் எறியவில்லை, பேருந்தை மறித்துக் கொளுத்தவில்லை. அன்றாடம் உழைத்தால்தான் அடுப்பெரியும் என்ற நிலையில் உள்ளவர்கள், நோய்த்தொற்றுக் காலத்தில் பல மாதங்கள் வருமானமின்றித் தவித்த பிறகும், ஒரு நாள் கூலியைத் துறந்து கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்கள். 'உங்கள் பிள்ளை எங்கள் பிள்ளை' என்று ஊரறியச் சொல்ல அவர்களிடம் இருந்த ஒரே வழி அது.

அமெரிக்க மனநல மருத்துவர் ஜூடித் ஹெர்மன் இந்தத் துறையில் அரை நூற்றாண்டாக உழைப்பவர். வன்கொடுமைக்கு ஆளானவர்கள் மீள்வதில் மூன்று படிகள் உண்டென்று 1992-இல் வெளியான தம் நூலில் அவர் விளக்கினார். முதலில் பாதுகாப்பு, அடுத்து நிகழ்ந்ததை நினைவுகூர்ந்து துக்கம் காத்தல், பிறகு மீண்டும் மனிதர்களோடு இணைதல். 2023-இல் எழுதிய மற்றொரு நூலுக்காகப் பாதிக்கப்பட்டோர் பலரிடம் அவர் நீதி என்றால் என்னவென்று கேட்டார். குற்றவாளிக்குக் கிடைக்கும் தண்டனையைக் காட்டிலும், தம்மைச் சுற்றியுள்ள சமூகம் நடந்ததை ஒப்புக்கொள்வதையும், பழி தம்மீது இல்லை என்று அறிவிப்பதையுமே அவர்களில் பலர் பெரிதாகக் கருதினார்கள். அந்த நூலைப் படிக்காமலேயே திண்டுக்கல்லின் முடிதிருத்துவோர் இதை அறிந்திருந்தார்கள்.

இந்த இடத்தில் நம் வீடுகளைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. துக்க வீட்டுக்கு ஆறுதல் சொல்லப் போகிறவர்களில் பலர் ஆறுதலோடு ஒரு கேள்வியையும் கொண்டு செல்கிறார்கள். 'அந்த நேரத்தில் ஏன் அங்கே போனாள்?' 'நீங்கள் கண்டித்திருக்கக் கூடாதா?' கேட்பவருக்கு அது பேச்சு; கேட்கப்படும் தாய்க்கோ அது இரண்டாவது வழக்கு, அதுவும் தீர்ப்பில்லாத வழக்கு. கணவனை இழந்தவளுக்கு நான்கு மாதம் பத்து நாள் இத்தா என்று மார்க்கம் ஒரு காலத்தை வரையறுத்திருக்கிறது. அந்தக் காலம் முடிந்தால் அவள் தன் வாழ்வைத் தொடரலாம். நம் மஹல்லாக்களின் நாவுக்குத்தான் எந்த வரையறையும் இல்லை.

ஊரிலுள்ள நீதிமன்ற வளாகத்தைக் கடக்கும்போது ஒன்றைக் கவனத்தில் கொள்ளுங்கள். மாவட்ட நீதிமன்றங்களில் சட்டப் பணிகள் ஆணைக்குழு உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கும் அவர்களின் குடும்பத்துக்கும் அரசு இழப்பீடு வழங்க வேண்டும் என்ற விதி 2009 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-ஏ பிரிவாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள புதிய சட்டத்தில் அது 396-ஆம் பிரிவு. குற்றவாளி யாரென்றே கண்டுபிடிக்கப்படாவிட்டாலும் இந்த ஆணைக்குழுவிடம் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. சட்ட உதவிக்கு 15100, பெண்களுக்கு 181 என்ற தொலைபேசி எண்கள் உள்ளன. பணம் இறந்தவரைத் திருப்பித் தராது என்பது உண்மை. ஆயினும் மருத்துவமனைக் கட்டணமும் பள்ளிக் கட்டணமும் துக்கத்துக்காகக் காத்திருப்பதில்லை.

இனி வடக்கே, அந்த வெண்கூரைகளை நோக்கிச் செல்வோம். திண்டுக்கல் - வேடசந்தூர் வட்டாரத்தில் மழை குறைவு. கிணறு வற்றினால் ஆலைதான் கதி. காலையிலும் மாலையிலும் ஆலைப் பேருந்துகள் சிற்றூர்களில் புகுந்து பெண்களை ஏற்றி இறக்குகின்றன. கழுத்தில் அடையாள அட்டை, கையில் சோற்றுத் தூக்கு. ஒரு காலத்தில் திருமணச் செலவுக்குத் தொகை தருவதாகக் கூறி, இளம்பெண்களை மூன்றாண்டு விடுதியில் தங்க வைத்து வேலை வாங்கிய 'சுமங்கலித் திட்டம்' இந்தப் பக்கத்து ஆலைகளில் பெயர் பெற்றிருந்தது. அந்தப் பெயரின் மங்கலம் வேலையில் இல்லை என்று அன்றே பலர் எழுதினார்கள்.

2021 ஜனவரி தொடக்கத்தில் இம்மாவட்டத்தின் நாச்சி அப்பேரல் என்ற ஆடைத் தொழிற்சாலையில் தையல் வேலை செய்த இளம்பெண் ஒருவர் காணாமற்போனார். நான்கு நாட்களுக்குப் பின் அவருடைய உடல் வயல்வெளியில் கிடைத்தது. தலித் குடும்பத்தின் பெண். வேலை செய்துகொண்டே மேற்படிப்பும் படித்தவர். அவருடைய மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். அந்தப் பெண்ணின் தாயாரும் அதே தொழிற்சாலையின் தொழிலாளி. மகள் உயிரோடிருந்தபோது பட்ட தொல்லைகளை அந்தத் தாய் வெளிப்படையாகச் சொன்னார்.

சகோதரிகளே, இப்படிச் சொல்வது எத்தனை கடினம் என்பதை எண்ணிப் பாருங்கள். மகளை இழந்தவர், அதே ஊரில் வாழ வேண்டியவர், வாய் திறந்தால் இறந்த மகளின் பெயருக்கே மாசு வரும் என்று அச்சுறுத்தும் உலகம். அவர் பேசிய பின்னர், அதே கூரையின் கீழ் தைத்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் தாங்கள் பட்ட வசைகளையும் தீண்டல்களையும் சொல்லத் தொடங்கினார்கள். அதுவரை ஒவ்வொருத்தியும் அதைத் தன் ஒருத்தியின் அவமானம் என்றே புதைத்து வைத்திருந்தாள். வெளிநாட்டுத் தொழிலாளர் உரிமை ஆய்வு அமைப்பு ஒன்று விசாரித்து, தொல்லைகள் பரவலாக இருந்ததாக அறிக்கை தந்தது.

தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன் என்ற பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் இதைக் கையிலெடுத்தது. அதன் உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அவர்கள் ஆடை வாங்கும் பன்னாட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டினார்கள். 2022 ஏப்ரலில் தொழிற்சாலையின் உரிமையாளரான ஈஸ்ட்மேன் நிறுவனமும் எச் அண்டு எம் நிறுவனமும், அதன் பின் கேப், பி.வி.எச். நிறுவனங்களும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. உலகத் தொழிலாளர் வட்டாரங்களில் அதற்கு 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்றே பெயர்.

ஒப்பந்தம் என்றால் சுவரில் மாட்டும் அறிவிப்புப் பலகை அல்ல, சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது. தொழிலாளிப் பெண்களிலிருந்தே சிலர் பயிற்சி பெற்று, தையல் வரிசைகளில் தொல்லைகளைக் கவனித்துப் பதிவு செய்யும் பொறுப்பை ஏற்றார்கள். புகார் கூறியவரைப் பழிவாங்கக் கூடாது. சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவதும் குற்றமாகவே எடுத்துக்கொள்ளப்படும். தொழிற்சாலை தவறினால் வாங்கும் நிறுவனங்கள் வணிகத்தின் வழியே அழுத்தம் தர வேண்டும். முதலாண்டில் 185 முறையீடுகள் வந்தன. ஏறத்தாழ எல்லாமே தீர்க்கப்பட்டன. அவற்றில் பாலியல் தொல்லை பற்றியவை சிறு பகுதிதான். பேருந்து வசதி, விடுப்பு, வசைச்சொல் என்று அன்றாடச் சிக்கல்களே மிகுதி. எனக்கு இதுவே முக்கியமாகப் படுகிறது. பேருந்து தாமதமாக வருவதைப் பற்றி அச்சமின்றிப் பேச முடிந்தவளால்தான் பெரிய கொடுமையைப் பற்றியும் பேச முடியும்.

அந்தத் தாய்க்கு இதில் என்ன ஆறுதல் என்று நீங்கள் கேட்கலாம். மகள் திரும்பவில்லை. ஒப்பந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நிம்மதியாக உறங்குகிறார் என்று எழுத எனக்கு உரிமை கிடையாது. துன்பத்தில் நன்மை விளைந்தது என்று துன்பப்படாதவர் சொல்வது எளிது. சொல்லாமல் இருப்பதே மரியாதை. தம் மகளுக்கு நேர்ந்தது இன்னொருத்திக்கு நேராதிருக்க வேண்டும் என்ற சொல்லை அந்தத் தாய் தாமாகச் சொன்னால் தலைவணங்கிக் கேட்கலாம். அதை அவர் வாயில் நாம் திணிக்கக் கூடாது.

திண்டுக்கல்லிலிருந்து மேற்கே பழனிச் சாலை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், விருப்பாச்சி, சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று ஊர்கள் வரிசையாக வரும். ஒட்டன்சத்திரத்தின் காய்கறிச் சந்தை கேரளம் வரை புகழ் பெற்றது. முருங்கைக் கட்டுகளும் தக்காளிப் பெட்டிகளும் லாரிகளில் ஏறுவதைக் காண ஒரு முறை அங்கே இறங்கலாம். ஆயக்குடியில் கொய்யாப்பழம் வாங்காமல் யாரும் கடப்பதில்லை.

இரண்டுக்கும் நடுவே விருப்பாச்சி. மலைவாழைக்குப் பெயர் பெற்ற சிற்றூர். 1772-இல் காளையார்கோவிலில் கும்பினிப் படையும் ஆர்க்காட்டு நவாபின் படையும் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரைக் கொன்றபோது, அவருடைய துணைவி வேலுநாச்சியார் மகள் வெள்ளச்சியோடு தப்பி இந்தப் பக்கம்தான் வந்தார். பாளையக்காரர் கோபால நாயக்கர் அடைக்கலம் தந்தார். ஹைதர் அலி திண்டுக்கல்லில் அவருக்குப் பாதுகாப்பும் படையுதவியும் அளித்தார். உருது மொழியில் பேசித் தம் குறையை அவர் ஹைதரிடம் எடுத்துரைத்ததாகச் சொல்வார்கள். 1780-இல் அவர் சிவகங்கையை மீட்டார். அடைக்கலம் தந்த கோபால நாயக்கரை 1801-இல் ஆங்கிலேயர் தூக்கிலிட்டனர்.

வீர வரலாறாக இதைப் பலமுறை படித்திருப்பீர்கள். எட்டு ஆண்டுகள் என்ற சொல்லைத்தான் நாம் வேகமாகக் கடந்து விடுகிறோம். எட்டு ஆண்டுகள் என்பது ஏறத்தாழ மூவாயிரம் இரவுகள். கணவன் வெட்டுண்ட செய்தியோடு, பிறர் வீட்டில், வளரும் பெண்குழந்தையை வைத்துக்கொண்டு கழித்த இரவுகள். ஒரு சமயத்தவர் மற்றொரு சமயத்தவருக்கு, ஒரு மொழியினர் மற்றொரு மொழியினருக்குத் தங்க இடம் தந்தனர் என்பதால்தான் அந்த இரவுகள் கடந்தன. ஜூடித் ஹெர்மன் கூறும் முதற்படியான பாதுகாப்பு இந்தச் சமவெளியில் அன்று மூன்று தரப்பினரால் உண்டாக்கப்பட்டது.

விருப்பாச்சியைத் தாண்டிப் பழனியை நெருங்கும்போது நினைவுக்கு வருபவர் கௌசல்யா. பழனியில் வளர்ந்தவர், முக்குலத்தோர் குடும்பம். பொறியியற் கல்லூரியில் தம்முடன் பயின்ற தலித் இளைஞரான சங்கரை விரும்பி, 2015 ஜூலையில் மணந்துகொண்டு, அவருடைய ஊரான குமரலிங்கத்தில் வாழ்ந்தார். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டைப் பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில், மக்கள் பார்த்துக்கொண்டிருக்க, இருவரும் வெட்டப்பட்டார்கள். சங்கர் இறந்தார். தலையில் பலத்த வெட்டுக்களோடு கௌசல்யா பிழைத்தார். அப்போது அவருக்கு வயது 19.

அந்தப் பெண் திரும்பிச் செல்ல இரண்டு வீடுகள் இருந்தன. அவர் சங்கரின் வீட்டுக்கே சென்றார். சில வாரங்களில் உயிரை மாய்த்துக்கொள்ளவும் முயன்று காப்பாற்றப்பட்டார். மீண்டெழுந்தவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை மறைத்துவிடுவது வழக்கம். மறைத்தால், இதே இருளில் இப்போது இருக்கும் வேறொரு பெண் தனக்கு மட்டுமே இப்படி நேர்கிறது என்று எண்ணிவிடக் கூடும். பிறகு அவர் பறை இசைக்கக் கற்றார். வெலிங்டன் பாளைய வாரியத்தில் எழுத்தராக வேலைக்குச் சேர்ந்தார். சங்கரின் பெயரால் அறக்கட்டளை தொடங்கி, குமரலிங்கத்துப் பிள்ளைகளுக்குத் தனிப்பயிற்சி வகுப்பு நடத்த ஏற்பாடு செய்தார். தம் பெற்றோருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சியம் அளித்தார்.

2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது, தாயாரை விடுவித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தந்தை மீதான குற்றச்சாட்டு மெய்ப்பிக்கப்படவில்லை என்று அவரை விடுதலை செய்து, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுள் சிறையாகக் குறைத்தது. சட்டப் போராட்டத்தைத் தொடர்வதாகக் கௌசல்யா அறிவித்தார். நான்காண்டுகளுக்குள் இருவேறு தீர்ப்புகள். தீர்ப்பு வரும் நாளில்தான் வாழ்வைத் தொடங்குவேன் என்று அவர் காத்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

2018 டிசம்பரில் அவர் கோவையில் மறுமணம் செய்துகொண்டார். அப்போது கிளம்பிய ஏச்சுகள் கொஞ்சமல்ல. சங்கருக்காகக் கண்ணீர் வடித்தவர்களிலும் சிலர், அவர் ஆயுள் முழுவதும் அந்தப் படத்தின் முன்னே நின்றுகொண்டிருக்க வேண்டுமென எதிர்பார்த்தார்கள். விதவை மறுமணத்தை ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஆகுமானதாகக் கொண்டுள்ள நாமாவது இதில் தெளிவாக இருக்கலாம். ஆனால் நம்மிடையேயும் முப்பது வயதில் கணவனை இழந்த பெண்ணுக்கு வரன் பார்க்க முன்வரும் வீடுகள் எத்தனை என்று எண்ணினால் விரல்கள் மிஞ்சும். பின்னர் அரசுப் பணியை விட்டு விலகி, கோவை வெள்ளலூரில் அழகு நிலையம் ஒன்றை அவர் தொடங்கினார். அதையும் குறை கூறினர். போராளி என்றால் அழகு நிலையம் நடத்தலாமா என்று கேட்டார்களாம்! பிழைத்தவள் பிழைப்புக்கும் ஒரு வழி தேட வேண்டுமல்லவா?

பழனிப் பேருந்து நிலையத்திலிருந்து உடுமலைக்கு அடிக்கடி பேருந்துகள் உண்டு. மடத்துக்குளம் வழியே ஒரு மணி நேரப் பயணம். அமராவதி ஆற்றுப் பாசனத்தால் இருபுறமும் நெல்லும் கரும்பும் தென்னையும் பசுமையாக இருக்கும். திண்டுக்கல்லின் வறண்ட வடபுலத்தைப் பார்த்துவிட்டு வந்த கண்களுக்கு இது வேறு நாடு போலத் தோன்றும். மடத்துக்குளத்தில் இறங்கினால் குமரலிங்கம் செல்ல நகரப் பேருந்து கிடைக்கும். உடுமலை நிலையத்தில் இறங்குபவர்கள் சாலையைக் கடந்து எதிரிலுள்ள கடைகளுக்குச் செல்கிறார்கள். பூ விற்பவர்களும் பழம் விற்பவர்களும் வழக்கம்போல் கூவி அழைக்கிறார்கள். அந்த இடத்தில் எந்தக் குறிப்புப் பலகையையும் நான் காணவில்லை. மாலை ஐந்தரை மணிக்கு, கல்லூரி விட்டு வரும் மாணவ மாணவியர் கூட்டம் திண்டுக்கல் பேருந்தில் இடம்பிடிக்க முண்டியடித்துக்கொண்டு ஏறியது.